சுன்ஹ்யாங் (2000): படம் முழுக்க ஒருவர் பாடிக்கொண்டே இருக்கிறாரே, இதை எப்படிப் பார்ப்பது?

நள்ளிரவுத்தொடர்:

'ஸ்ட்ரேஞ்சர்' தொடரில் முகத்தில் ஒரு சலனமும் காட்டாத அந்த அரசு வழக்கறிஞரைப் பார்த்ததிலிருந்து சோ சுங்-வூ நடித்த எதையும் விடுவதில்லை என்று ஒரு சபதம். அவருடைய முதல் படம் இம் க்வொன்-தேக் இயக்கிய 'சுன்ஹ்யாங்' என்று தெரிந்ததும் நேற்று இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

படம் அழகாக இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பச்சை, அந்தச் சிவப்பு, ஊஞ்சல், எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு பெரியவர் மேடையில் நின்று தொண்டை கிழியப் பாடுகிறார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மேளம் தட்டுகிறார். சரி, டைட்டில் ஓடும் வரைக்கும்தான் என்று பொறுத்துக்கொண்டேன். கதை தொடங்கிய பிறகும் அவர் விடவில்லை. திரையில் வேலைக்காரன் ஓடினால் அவன் ஓடுவதைப் பாடுகிறார், பெண் ஊஞ்சல் ஆடினால் அதையும் பாடுகிறார். டிவியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ரேடியோ வர்ணனையையும் சத்தமாக வைத்தது போல இருந்தது. கண்ணால் பார்ப்பதையே காதிலும் எதற்கு ஓத வேண்டும்?

இன்னொன்று. முடிவை ஒரு நண்பர் போட்டு உடைத்துவிட்டார். நாயகன் பெரிய அதிகாரி ஆகித் திரும்பி வருகிறானாம், ஆனால் பிச்சைக்காரன் வேஷத்தில். அவள் சிறையில் சாகக் கிடக்கிறாள், அவளிடம்கூட உண்மையைச் சொல்ல மாட்டானாம். இதை எப்படி கொரியாவின் மாபெரும் காதல் கதை என்கிறார்கள்?

பாட்டு இல்லாத வேறு 'சுன்ஹ்யாங்' இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கே போய்விடுகிறேன்.

பின்வரிசை:

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு முன்னாலேயே படத்தின் ஆகச் சிறந்த காட்சி ஒன்று போய்விட்டது, சகோ. அந்த வேலைக்காரன் ஓடுகிற காட்சியைத்தான் சொல்கிறேன், நீங்கள் குறை சொன்ன அதே காட்சி.

முதலில் அந்தப் பெரியவர் யார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். அவர் சோ சாங்-ஹ்யோன், பன்சோரி பாடகர். பன்சோரியில் ஒரு பாடகர், ஒரு மேளக்காரர், அவ்வளவுதான். பாடகர் கையில் ஒரு விசிறி, அதுவே கடிதம், அதுவே கோல், அதுவே எல்லாம். கொஞ்சம் பாடுவார், கொஞ்சம் வசனமாகச் சொல்வார், அத்தனை பாத்திரங்களும் அவரே. மேளக்காரர் இடது உள்ளங்கையாலும் வலது கைக் குச்சியாலும் தட்டிக்கொண்டே நடுநடுவே 'ஒல்ஷிகு', 'சோத்தா' என்று குரல் கொடுப்பார், கூட்டமும் கொடுக்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. அந்த ஆமா இல்லாவிட்டால் பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் ஏது?

இப்போது முழுசாக மிச்சமிருக்கும் பன்சோரிக் கதைகள் ஐந்தே ஐந்து. அதில் ரொம்பப் பிரபலமானது சுன்ஹ்யாங் கதை. முழுசாகப் பாடினால் பல மணி நேரம் ஆகும், எட்டு மணி நேரம் வரை போகிற பாடங்களும் உண்டு. 2003-இல் யுனெஸ்கோ பன்சோரியை மானுடத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. தொண்டை கிழிய என்றீர்கள், சரியாகத்தான் சொன்னீர்கள், அந்தக் கரகரப்புக்காகத்தான் அந்தக் காலத்துப் பாடகர்கள் அருவிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கேட்கும் வரை கத்திக் கத்திப் பழகினார்கள்.

இம் க்வொன்-தேக் செய்தது இதுதான்: சுன்ஹ்யாங் கதையைப் படமாக்கி அதற்குப் பாட்டுப் போடவில்லை, சோ சாங்-ஹ்யோன் பாடிய பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு அதற்குப் படம் பிடித்தார். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும். பாட்டு காட்சியை விவரிக்கிறது என்று நினைத்தால் எரிச்சல் வரும். காட்சிதான் பாட்டுக்கு ஆடுகிறது.

வேலைக்காரன் பாங்ஜா ஓடுகிற இடத்தைத் திரும்பப் போடுங்கள். தானோ திருநாள், ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாள். நாம்வொன் ஊரில் க்வாங்ஹல்லு மண்டபத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நடுவரின் (ஊரை நிர்வகிக்கும் அரசு அதிகாரி) மகன் மொங்ரியோங், அவன்தான் நாயகன், தூரத்தில் ஊஞ்சலாடும் பெண்ணைப் பார்த்துவிட்டு அவளைக் கூட்டி வா என்று இவனை விரட்டுகிறான். பாட்டு வேகத் தாளத்துக்கு மாறும். அவன் காலடி ஒவ்வொன்றும் அந்தத் தாளத்தில் விழும், துள்ளல், தள்ளாட்டம், நெளிவு எல்லாம் அளந்து வைத்தது போல. ஒரு தடவை சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுப் பாருங்கள், அப்புறம் சத்தத்தோடு பாருங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கறிவேப்பிலை:

எல்லாரும் இந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதால் மாற்றுக் குரலுக்கு ஒரு ஆள் வேண்டாமா, நான் வருகிறேன். இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் நாயகன் அவளை விட்டுத் தலைநகர் ஹன்யாங்குக்குக் கிளம்புகிற இடத்தில் தூங்கிப்போனேன்.

கேன்ஸ் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் கொரியப் படம், சரி. ஜங் இல்-சுங் ஒளிப்பதிவு, அதுவும் சரி, குறையே இல்லை. ஆனால் பாட்டு எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டதில் நடிகர்களுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அழுகையைப் பாடகர் அழுதுவிடுகிறார், கோபத்தைப் பாடகர் கோபப்பட்டுவிடுகிறார், அந்தப் பெண்ணும் பையனும் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவரும் புதுமுகங்கள் வேறு. சோ சுங்-வூவைப் பார்க்க வந்தவர் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை, பின்னால் வந்த சோ சுங்-வூவின் நிழல்கூட இதில் இல்லை.

மூன்றாவது முறை முடிவை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அந்த வில்லன் அதிகாரியின் பிறந்தநாள் விருந்து இருக்கிறதே, அதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரைகுறைகொரியன்:

பிச்சைக்கார வேஷம் பற்றிக் கேட்டவருக்கு.

அவன் வெறும் அதிகாரி இல்லை, 'அம்ஹேங் ஒசா', மன்னரின் ரகசிய ஆய்வாளர். கொரியாவை சோசோன் அரச வம்சம் ஆண்ட காலத்தில் நிஜமாகவே இருந்த பதவி. மன்னர் முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் கொடுப்பார், தலைநகரின் வாசலைத் தாண்டிய பிறகுதான் பிரித்துப் பார்க்க வேண்டும், எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே அப்போதுதான் தெரியும். கூடவே குதிரை உருவம் பொறித்த வட்டத் தகடு, 'மாபே', அதைக் காட்டினால் அரசாங்கக் குதிரை கிடைக்கும், ஆட்களும் திரளுவார்கள். ஒரு பித்தளை அளவுகோலும் தருவார்கள், உள்ளூர் அதிகாரி வரி வாங்கும்போது அளவில் ஏமாற்றுகிறானா என்று பார்க்க. கந்தல் கட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நேரம் வரும்போதுதான் வெளிப்பட வேண்டும். முன்னாடியே வாயைத் திறந்தால் வேலை கெட்டது. (அரசுத் தேர்வில் முதலாவதாக வந்த கையோடு, அதுவும் சொந்தக் காதலி இருக்கிற ஊருக்கே அனுப்புவதெல்லாம் கதையில்தான் நடக்கும். அதை விடுங்கள்.)

எனவே சிறையில் அவன் வாயை மூடிக்கொண்டதற்கு விதி ஒரு காரணம். ஆனால் பாட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது. கழுத்தில் பலகை மாட்டிக் கிடக்கிற சுன்ஹ்யாங், கந்தலில் வந்து நிற்பவனைப் பார்த்து என்ன சொல்கிறாள் தெரியுமா? அம்மாவைக் கூப்பிட்டு, என் நகையை, துணியை விற்று இவருக்கு நல்ல உடுப்பு வாங்கிக் கொடு, வயிறாரச் சாப்பாடு போடு என்கிறாள். நாளைக் காலை சாகப் போகிறவள். அம்மா வொல்மேயோ மருமகன் ஆண்டியாகி வந்துவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டு திட்டித் தீர்க்கிறாள். அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த இரண்டு பேரையும் நாம் இப்படிப் பார்த்திருக்கவே முடியாது.

பலரும் தவறவிடுவது சட்டம். சுன்ஹ்யாங் ஒரு கிசேங்கின் மகள். அரசு ஏட்டில் பெயர் உள்ள ஆடல்பாடல் பெண்கள் கிசேங்குகள், தாழ்ந்த பிரிவு, தாயின் நிலைதான் மகளுக்கு. யாங்பான் எனப்படும் மேல்குடிக் குடும்பத்துப் பையன் அவளை ஊரறிய மணக்க வழியே இல்லை, அதனால்தான் சாட்சிக்கு ஆள் இல்லாமல் அவள் பாவாடைத் துணியில் அவன் தூரிகையால் உறுதிமொழி எழுதித் தருகிறான். புது நடுவர் பியோன் ஹக்தோ வந்ததும் முதல் வேலையாகக் கிசேங்குகளின் பெயரை வாசித்து ஒவ்வொருத்தியாக முன்னால் வரச் சொல்கிறான். அவன் பார்வையில் அவள் தன்னிடம் வர மறுப்பது அதிகாரியின் ஆணையை மீறிய குற்றம். கிசேங் மகளுக்குக் கற்பு ஏது என்று அவன் சிரிப்பது வெறும் வில்லன் சிரிப்பு இல்லை, கற்பு என்பது மேல்குடிப் பெண்களின் உரிமை என்று அந்தச் சமூகமே நினைத்தது. அவள் கற்பு என்று சொல்லும்போது நானும் உங்களைப் போல ஒரு மனுஷி என்றுதான் சொல்கிறாள். மாதவி கதை தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம், மறுத்ததற்காக அவளைத் தடியால் அடிக்கும்போது வரும் அந்தப் பத்து அடிப் பாட்டு. 'இல்' என்றால் ஒன்று, 'ஈ' என்றால் இரண்டு, 'சாம்' என்றால் மூன்று. ஒவ்வொரு தடி விழும்போதும் அந்த எண்ணில் தொடங்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பதில் சொல்கிறாள். முதல் அடிக்கு, ஒரே மனம். இரண்டாவதுக்கு, இரண்டு கணவருக்குப் பணிய மாட்டேன். மூன்றாவதுக்கு, தந்தை, கணவன், மகன் என்று பெண்ணுக்குச் சொன்ன மூன்று வழி நெறி. கொரியன் தெரிந்தவர்களுக்கு அது அலறலும் கவிதையுமாக ஒரே சமயத்தில் விழும், சப்டைட்டிலில் வெறும் வாக்கியமாகப் போய்விடுகிறது. அவளை அடக்க வைத்த கன்ஃபூசிய நெறியையே எடுத்து அவள் நடுவர் முகத்தில் வீசுகிறாள், அடிக்கிறவன் எண்ண எண்ண.

கறிவேப்பிலை எழுந்து உட்கார்ந்த விருந்துக் காட்சிக்கும் ஒரு வரி. பிச்சைக்காரனைக் கேலி செய்ய, கவிதை எழுதத் தெரியுமா என்று எதுகைக்கு இரண்டு சீன எழுத்து கொடுக்கிறார்கள். ஒன்று 'கோ', கொழுப்பு. இன்னொன்றும் 'கோ', உயரம். அவன் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: பொற்கிண்ணத்து மது ஆயிரம் பேரின் ரத்தம், பச்சைக்கல் தட்டின் கறி பதினாயிரம் பேரின் கொழுப்பு, மெழுகு சொட்டும்போது மக்கள் கண்ணீர் சொட்டுகிறது, பாட்டு உயரும் இடத்தில் பழிக்குரலும் உயர்கிறது. பக்கத்து ஊர் அதிகாரி ஒருவர் இதைப் படித்ததும் ஆபத்தை மோப்பம் பிடித்து நைசாக நழுவப் பார்ப்பார். அடுத்த நிமிடம் வாசலில் 'அம்ஹேங் ஒசா வந்துவிட்டார்' என்ற கூச்சல். தட்டு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

நள்ளிரவுத்தொடர்:

சட்டம் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அது தெரியாமல்தான் வெறும் கற்புக்கரசி கதை என்று ஓரம் கட்டிவிட்டேன். ஆனால் தேடிப் படித்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. விருந்தில் எல்லாரையும் பிடித்து உள்ளே போட்ட பிறகும் அவன் உடனே முகத்தைக் காட்டுவதில்லையாமே? நடுவருக்குத்தான் பணிய மாட்டேன் என்றாய், ஆய்வாளரான எனக்காவது பணிவாயா என்று மறைந்திருந்து கேட்கிறானாம். அவள் கொன்றுவிடுங்கள் என்கிறாள். அப்புறம்தான், பிரியும்போது அவள் தந்த மோதிரத்தை அனுப்பித் தான் யார் என்று காட்டுகிறானாம். இதற்கும் விதி இருக்கிறதா? வேலைதான் முடிந்துவிட்டதே!

கறிவேப்பிலை:

இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்: திமிர்.

அரைகுறைகொரியன்:

இதற்கு விதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாட்டில் அந்த இடம் வரும்போது கேட்கிறவர்களுக்கு அவன் யார் என்று தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இன்னும் ஒரு நிமிடம் இழுத்தால் மோதிரம் விழும்போது ஆரவாரம் இரண்டு மடங்கு. மேடையில் நின்று கதை சொல்கிறவருக்கு அது கிடைக்காத வரம், விடுவாரா? அவள் பக்கம் நின்று பார்த்தால் கொடுமைதான்.

பழையரீல்:

வேறு படம் கேட்டீர்களே. கொரிய சினிமாவின் வரலாற்றையே இந்த ஒரு கதையை வைத்துச் சொல்லிவிடலாம். 1923-இல், ஜப்பானிய ஆட்சியில், ஒரு ஜப்பானியர் எடுத்த மௌனப் படம் சுன்ஹ்யாங் கதை. 1935-இல் கொரியாவின் முதல் பேசும் படம், அதுவும் சுன்ஹ்யாங் கதை. கொரியப் போர் முடிந்து தியேட்டர்கள் தலை தூக்கியபோது கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது 1955-இல் வந்த சுன்ஹ்யாங் கதை. புதுசாக ஏதாவது வந்தால் முதலில் இவளை வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பார்கள் போல.

ரொம்ப ருசியான கதை 1961. வண்ணமும் சினிமாஸ்கோப்பும் வந்த புதுசு, இரண்டு இயக்குநர்கள் ஒரே நேரத்தில் இதே கதையை எடுத்துச் சில நாள் இடைவெளியில் வெளியிட்டார்கள். ஹோங் சோங்-கியின் படத்தில் கிம் ஜி-மி, இருபது வயதுதான். ஷின் சாங்-ஓக்கின் படத்தில் அவர் மனைவி சே உன்-ஹீ, முப்பதைத் தாண்டியவர். பதினாறு வயதுப் பெண்ணின் கதைக்கு எது எடுபடும் என்று யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஜெயித்தது மூத்தவர், சோல் நகரத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் பேர் பார்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. 1978-இல் சே உன்-ஹீயும் அடுத்து ஷின்னும் ஹாங்காங்கிலிருந்து வட கொரியாவுக்குக் கடத்தப்பட்டார்கள், கிம் ஜோங்-இல்லுக்கு நல்ல படம் எடுத்துக் கொடுக்க. அங்கே ஷின் எடுத்தவற்றில் ஒன்று 1984-இல் வந்த இசைப்படம். என்ன கதை என்று சொல்ல வேண்டுமா? நடுவில் எல்லையைப் போட்டுப் பிரித்தாலும் இரண்டு பக்கமும் இதே கதையைத்தான் படமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டுத் தொந்தரவு குறைவாக வேண்டுமென்றால் ஷின்னின் 1961 படம். கதையைத் தலைகீழாகப் பார்க்க வேண்டுமென்றால் 2010-இல் வந்த 'த சர்வண்ட்', அதில் நாயகன் அந்த வேலைக்காரன் பாங்ஜாதான், சுன்ஹ்யாங்கும் நாம் நினைக்கிற சுன்ஹ்யாங் இல்லை. குடும்பத்தோடு உட்காருகிற படமும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் பேச்சைக் கேட்டால் 2000 படத்தை ஓரமாக வைக்காதீர்கள். அதற்கு முன்னால் இதே இயக்குநரின் 'சோப்யோன்ஜே'யைப் பாருங்கள், 1993. ஊர் ஊராக அலையும் பன்சோரிக் குடும்பம் ஒன்றின் கதை. சோல் நகரத்தில் மட்டும் 10 லட்சம் பேரைத் தாண்டிய முதல் கொரியப் படம் அது, செத்துக்கொண்டிருந்த கலைக்குக் கூட்டம் திரும்பியது அதனால்தான். அதில் அப்பாவாக நடித்த கிம் மியோங்-கோன்தான் 'சுன்ஹ்யாங்'குக்குத் திரைக்கதை. காது பழகிவிட்டால் அந்தப் பெரியவரின் குரல் உங்களைத் துரத்தாது.

பின்வரிசை:

பழையரீல் சொன்னதை வழிமொழிகிறேன். காது பழகுவதுதான் விஷயம். நானும் முதல் தடவை உங்களைப் போல எழுந்து போனவன்தான், இப்போது சமையல் செய்யும்போது அந்தப் பாட்டை ஓடவிடுகிறேன்.

நள்ளிரவுத்தொடர்:

வேலை முடிந்து வந்து இப்போதுதான் போட்டேன். பின்வரிசை சொன்னபடி முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு. ஒரு ஆள் ஓடுகிறான், கொஞ்சம் கிறுக்குத்தனமாக ஓடுகிறான், அவ்வளவுதான், அவன் ஏன் அப்படித் துள்ளுகிறான் என்றே தெரியவில்லை. சத்தத்தோடு போட்டால் அதே ஆள், அதே வழி, மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவதற்குள் இவன் கால் தரையில் விழுகிறது. நான்கு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்காவது தடவை 'ஒல்ஷிகு' என்று நானே சொல்லிவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து யாரை அதட்டுகிறாய் என்று குரல் வந்தது.

மிச்சத்தையும் இன்று பார்த்துவிடுகிறேன். பத்து அடிக் காட்சிக்குச் சப்டைட்டிலை நம்பாமல் இல், ஈ, சாம் என்று எண்ணிக்கொண்டே கேட்கப்போகிறேன். அந்த மோதிர விஷயத்தில் மட்டும் நான் கறிவேப்பிலை கட்சி.